குரோஷே கதவு வளையம்: உறை ஏன் சுருங்குது, இலை எத்தனை வேணும்?

நூலிழை | செப்டம்பர் 4, மாலை 6.15

கதவுல மாட்டற அலங்கார வளையம் பண்றேன், ஃபோம் மேல பின்னின உறை, அதுக்கு மேல பின்னின இலை. வெளிவிட்டம் 30 செ.மீ, தடிமன் 4 செ.மீ உள்ள ஃபோம் வளையம். டிகே (நடுத்தரத் தடிமன்) அக்ரிலிக் நூல், 4 மி.மீ குரோஷே ஊசி. நேர் பட்டையா பின்னிச் சுத்தித் தைச்சா உள்பக்கம் முழுக்க மடிப்பு, வெளிப்பக்கம் இழுத்துப் பிடிச்சு ஓட்டை வழியா ஃபோம் தெரியுது. இலை 40 போதும்னு பேட்டர்ன்ல இருக்கு. 40 முடிச்சு அடுக்கிப் பார்த்தா பாதி வளையம்கூட நிறையலை. போதாக்குறைக்கு இலை எல்லாம் சுருண்டு நிக்குது. இலையுதிர்கால வளையம்னு ஆரம்பிச்சது, உதிர்ற இலை எல்லாம் உதிர்ந்து முடியறதுக்குள்ள ஆகுமான்னு தெரியலை. எங்க தப்பு?

வளைகொக்கி | செப்டம்பர் 4, இரவு 9.40

பின்னலில் தப்பில்லை, கணக்கில்தான். முதலில் உறை, இலை அப்புறம்.

(நான் எழுதும் ஸ்டிச் பெயர்கள் அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் பேட்டர்னில் டபுள் என்று இருப்பது இங்கே சிங்கிள். செயின் என்பது சங்கிலிக் கண்ணி. ஸ்லிப், சிங்கிள், ஹாஃப் டபுள், டபுள், ட்ரெபிள் என்ற வரிசையில் ஸ்டிச்சின் உயரம் கூடும்.)

உங்கள் வளையத்தின் வெளி ஓரத்தை டேப்பால் அளந்தால் 94 செ.மீ வரும். உள் ஓரம் 69. நடுக்கோடு 82. நேர் பட்டை எந்த நீளத்தில் பின்னினாலும் இந்த மூன்றில் ஒன்றுக்குத்தான் பொருந்தும். 82 பின்னினால் உள்ளே 13 செ.மீ மிச்சம், வெளியே 12 செ.மீ பற்றாக்குறை. மிச்சம் மடிப்பாகிறது, பற்றாக்குறை ஓட்டையாகிறது. இறுக்கிப் பின்னினாலும் தளர்த்திப் பின்னினாலும் இது மாறாது.

பட்டையின் நடுப்பகுதி நீளமாகவும் இரண்டு ஓரமும் குட்டையாகவும் இருக்க வேண்டும். அதற்கு ஒரே வரிசையில் இரண்டு உயரம் போடுங்கள். 21 செயின். இரண்டாவது செயினிலிருந்து 5 சிங்கிள், 10 ஹாஃப் டபுள், 5 சிங்கிள். மொத்தம் 20. 1 செயின் போட்டுத் திரும்பி அதே மாதிரி. ஓரத்தில் சிங்கிள் 10 செ.மீ-க்கு 20 வரிசை, நடுவில் ஹாஃப் டபுள் 10 செ.மீ-க்கு 14 வரிசை என்று வந்தால் 130 வரிசையில் ஓரம் 65, நடு 93. இரண்டுமே வளையத்தைவிடக் கொஞ்சம் குறைவு. இழுத்துப் போடும்போது இறுகி உட்காரும். தையல் உள் ஓரத்தில் விழும்.

அகலம் 20 ஸ்டிச் ஏன் என்றால், 4 செ.மீ தடிமனைச் சுற்றி அளந்தால் 12.6. பட்டை 11.5 இருந்தால் போதும், மீதி இழுவை. நூல் 120 மீட்டர் சுற்றி ஆகும், டிகே அக்ரிலிக்கில் 45 கிராம் பக்கம்.

வளைகொக்கி | செப்டம்பர் 5, காலை 7.05

130-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 20 வரிசை பின்னி நிறுத்திவிட்டு, டேப்பை ஓரத்தில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஓரம் 10, நடு 14 வர வேண்டும். துண்டு மேசையில் தட்டையாகப் படுக்காது, நடுவில் புடைத்திருக்கும். புடைப்பு இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும்: ஹாஃப் டபுளில் நூல் சுற்றிய பிறகு முதல் லூப்பை மேலே தூக்காமல் இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். லூப்பை ஒரு ஸ்டிச் உயரத்துக்குத் தூக்கிவிட்டு மூன்றையும் சேர்த்து இழுத்தால் உயரம் வந்துவிடும்.

இன்னொன்று, ஐந்தாவது ஸ்டிச்சிலும் பதினைந்தாவதிலும் மார்க்கர் போட்டு வரிசைக்கு வரிசை மேலே ஏற்றிக்கொண்டே போங்கள். எண்ணிக்கை வழுக்கினால் புடைப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து, தைக்கும்போது உறை முறுக்கிக்கொள்ளும்.

மழைத்துளி | செப்டம்பர் 5, மதியம் 1.20

இவ்வளவு எதுக்கு? நூலையே வளையத்துல நேரா சுத்திட்டா வேலை முடிஞ்சுதே. நூலும் மிச்சம்.

வளைகொக்கி | செப்டம்பர் 5, இரவு 8.30

நேரம் மிச்சம், நூல் அவ்வளவாக மிச்சமாகாது. டிகே நூல் ஒரு சுற்றுக்கு 2 மி.மீ இடம் அடைக்கும். நடுக்கோட்டில் 410 சுற்று, சுற்றுக்கு 12.6 செ.மீ, ஆக 52 மீட்டர். ஆனால் வெளி ஓரத்தில் சுற்றுகள் விலகி வெள்ளை ஃபோம் எட்டிப் பார்க்கும், இரண்டாவது அடுக்கு கட்டாயம். 100 மீட்டர் தாண்டிவிடும். பின்னிய உறைக்கும் அதற்கும் வித்தியாசம் ஏழெட்டு கிராம்.

அதைவிடப் பெரிய சிக்கல், சுற்றிய நூலில் எதையும் தைக்க முடியாது. ஊசி குத்தினால் நூல் நகரும். பசை வைத்துத்தான் ஒட்ட வேண்டும். சூட்டுப் பசைத் துப்பாக்கி அதிகச் சூட்டு வகையாக இருந்தால் ஃபோம் குழிந்துபோகும், அதன் பாலிஸ்டைரீன் 100 டிகிரிக்கு அருகிலேயே இளகத் தொடங்கும். தின்னர் வாடை வரும் காண்டாக்ட் பசை அதைக் கரைத்தே விடும். ஒரு பருவத்துக்கு மட்டும் போதும் என்றால் சுற்றுங்கள். அடுத்த பருவத்துக்கும் இதே வளையம் என்றால் பின்னிய உறைதான்.

நூலிழை | செப்டம்பர் 6, மாலை 5.50

20 வரிசை பின்னினேன். ஓரம் 10, நடு 13.5. கிண்ணம் மாதிரி குழிஞ்சு நிக்குது. சரியா?

வளைகொக்கி | செப்டம்பர் 6, மாலை 6.30

சரி. தொடருங்கள். 130-க்குப் பதில் 132.

தைக்கும்போது பட்டையை நான்காக மடித்துக் குறி வையுங்கள், வளையத்திலும் 12, 3, 6, 9 மணி இடங்களில் குண்டூசி. குறியோடு குறி பொருத்திக் குத்திவிட்டுத் தைத்தால் இழுவை சமமாகப் பரவும். ஒரு முனையிலிருந்து தைத்துக்கொண்டே போனால் கடைசிக் காலாண்டில் மொத்த மிச்சமும் வந்து குவியும்.

வளைகொக்கி | செப்டம்பர் 7, காலை 6.45

இலைக் கணக்கு. 5.5 செ.மீ நீள இலையை ஒன்றின் மேல் ஒன்று பாதி மூடுகிற மாதிரி அடுக்கினால் ஒவ்வொரு இலைக்கும் 2.7 செ.மீ நகர்வு. நடுக்கோடு 82-ஐ 2.7-ஆல் வகுத்தால் 30. முகப்பு நிறைய உள்வரிசை, நடுவரிசை, வெளிவரிசை என்று மூன்று வரிசை வேண்டும். ஆக 90. உங்கள் 40 பாதியை எட்டாதது இதனால்தான். பேட்டர்ன் எழுதியவர் 9 அல்லது 10 செ.மீ இலை போட்டிருப்பார், அல்லது இலைகள் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும்படி அடுக்கியிருப்பார்.

ஆனால் 90 இலை பின்னச் சொல்ல மாட்டேன். வளையம் முழுக்க ஒரே அடர்த்தியில் இலை அடைத்தால் பார்வை நிற்க இடமே இருக்காது. தூரத்திலிருந்து வெறும் சொரசொரப்பான வட்டம்தான் தெரியும். வளையத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நிறையுங்கள், மீதி உறை வெறுமையாகத் தெரியட்டும். உறையை அவ்வளவு கவனமாகப் பின்னச் சொன்னதற்கும் அதுதான் காரணம், அது மறையப்போவதில்லை.

மூன்றில் ஒரு பங்கு என்றால் உள்வரிசை 23 செ.மீ, நடு 27, வெளி 31. அதாவது 8, 10, 12 இலை. மொத்தம் 30. உங்களிடம் இருக்கும் 40-இல் 10 மிச்சம், சுமாரானவற்றை அடியில் போட்டு மறைக்கலாம்.

மழைத்துளி | செப்டம்பர் 7, காலை 9.10

90-ஐ 30 ஆக்கிட்டீங்க. இப்படியே விட்டா வளையம் வாங்காமலேயே முடிச்சிடலாம் போல.

வளைகொக்கி | செப்டம்பர் 8, இரவு 10.00

இலை சுருள்வது பற்றி. கேட்காமல் விட்டவர்களுக்கும் சேர்த்து முழு இலையையும் எழுதிவிடுகிறேன்.

டிகே நூல். 4 மி.மீ ஊசியால் 11 செயின், பிறகு 3.5 மி.மீ ஊசிக்கு மாறுங்கள். இரண்டாவது செயினிலிருந்து: 1 சிங்கிள், 1 ஹாஃப் டபுள், 2 டபுள், 2 ட்ரெபிள், 2 டபுள், 1 ஹாஃப் டபுள், கடைசிச் செயினில் 1 சிங்கிள். இப்போது நுனியில் இருக்கிறீர்கள். 2 செயின். அதே கடைசிச் செயினின் மறுபக்கத்தில் 1 சிங்கிள், அங்கிருந்து அடிச்செயினின் மறுபக்கம் வழியாகத் திரும்புங்கள்: 1 ஹாஃப் டபுள், 2 டபுள், 2 ட்ரெபிள், 2 டபுள், 1 ஹாஃப் டபுள், 1 சிங்கிள். தொடக்கத்தில் ஸ்லிப் ஸ்டிச். காம்புக்கு 5 செயின், திரும்பி 4 ஸ்லிப் ஸ்டிச், இலையின் அடியில் ஒரு ஸ்லிப் ஸ்டிச். முடிவில் 15 செ.மீ வால் விட்டு அறுங்கள், தைக்க அதுவே நூல். ஒரு இலைக்கு 2 மீட்டர் பக்கம் ஆகும்.

சுருளுக்கு மூன்று காரணம், மூன்றும் வேறு வேறு மாதிரி தெரியும்.

நுனியும் காம்பும் ஒன்றை ஒன்று பார்த்து வில்லாக வளைந்தால் அடிச்செயின் இறுக்கம். அதற்குத்தான் செயினுக்கு மட்டும் அரை மி.மீ பெரிய ஊசி.

நுனி மட்டும் கரண்டி போலக் குழிந்தால் நுனியில் ஸ்டிச் போதவில்லை. 2 செயினை விட்டிருப்பீர்கள், அல்லது திரும்பிய பின் கடைசிச் செயினில் போட வேண்டிய சிங்கிளை அடுத்த செயினில் போட்டிருப்பீர்கள். மறுபக்கத்தில் 9 ஸ்டிச்தான் எண்ண முடிந்தால் இதுதான்.

இரண்டு பக்க விளிம்பும் பின்னால் சுருண்டு இலை நீளவாக்கில் உருண்டால் அது ஸ்டிச்சின் சுபாவம். இரண்டு பக்கமும் முகப்பைப் பார்த்தே பின்னுகிறோம், திருப்பிப் பின்னுவதில்லை. ஒரே திசை இழுவை. இதை ஊசி மாற்றித் தீர்க்க முடியாது. பிளாக்கிங் (ஈரமோ ஆவியோ காட்டி, குண்டூசி குத்தி வடிவம் பிடிக்க வைப்பது) செய்துதான் ஆக வேண்டும்.

வளைகொக்கி | செப்டம்பர் 8, இரவு 10.25

விட்டுப்போனது: முதல் பக்கம் போகும்போது செயினின் ஒரு இழைக்குள் மட்டும் ஊசி விடுங்கள், திரும்பும்போது மீதி இரண்டு இழைக்குள். நடு நரம்பு நேராக விழும். தொடக்க வால் நுனியில் தொங்கும், திரும்பும்போது அதை ஸ்டிச்சுகளுக்குள் படுக்கவைத்தே பின்னிவிட்டால் தனியாகச் செருகும் வேலை இல்லை. 30 இலைக்கு 30 வால் மிச்சம், இந்த வேலையில் அலுப்பூட்டுவதே அதுதான்.

நரம்பு எடுப்பாக வேண்டுமென்றால் ஒரு நிறம் கருத்த நூலை இலைக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, நடுக்கோட்டில் மேலிருந்து ஊசி விட்டு ஸ்லிப் ஸ்டிச் ஓட்டுங்கள். தளர்வாக. இறுக்கினால் மறுபடி வில்.

நூலிழை | செப்டம்பர் 10, காலை 8.00

எண்ணிப் பார்த்தேன், பாதி இலைல மறுபக்கம் 9தான். பிரிக்கணுமா?

வளைகொக்கி | செப்டம்பர் 10, காலை 8.40

பிரிக்க வேண்டாம். இயற்கையில் எந்தக் கிளையிலும் எல்லா இலையும் சமச்சீராக இருப்பதில்லை. குழிந்தவை வெளிவரிசையில், குழி வளையத்தின் பக்கம் பார்க்கும்படி தைத்தால் தடிமனைச் சுற்றி அணைத்து உட்காரும். தட்டையானவை அந்த இடத்தில் துருத்திக்கொண்டு நிற்கும்.

பிளாக்கிங் நூலைப் பொறுத்தது, ஒன்றுக்குச் செய்வதை இன்னொன்றுக்குச் செய்யக்கூடாது. காட்டனை நனைத்துப் பிழிந்து, நுனி, காம்பு, அகலமான இடம் இரண்டு என நாலு குண்டூசி குத்தி உலரவிட்டால் போதும். கம்பளியும் அப்படியே, தண்ணீர் சூடாக இருக்கக்கூடாது, கசக்கக்கூடாது. அக்ரிலிக் நனைத்தால் உலர்ந்ததும் பழைய சுருளுக்கே போய்விடும். அதற்கு ஆவி வேண்டும். ஊசி குத்தி, இஸ்திரிப் பெட்டியை 2, 3 செ.மீ மேலே பிடித்து ஆவியை மட்டும் விடுங்கள், பெட்டி நூலைத் தொடவே கூடாது. ஆறும்வரை ஊசியை எடுக்காதீர்கள். ஆவி அதிகமானால் அக்ரிலிக் தொய்ந்து பளபளப்பாகிவிடும், அதைத் திருப்ப வழியில்லை. முதலில் சோதனைக்கு ஒரு மட்டமான இலை.

விறைப்பு வேண்டுமானால் வெள்ளைப் பி.வி.ஏ பசையும் தண்ணீரும் சமபங்கு, பின்பக்கம் மட்டும் தூரிகையால். முன்பக்கம் பட்டால் பிளாஸ்டிக் மினுக்கு வரும். பிளாஸ்டிக் தாளின் மேல் உலர்த்துங்கள், காகிதத்தில் வைத்தால் காகிதமும் இலையோடு வரும்.

கண்ணிஎண்ணி | செப்டம்பர் 10, மதியம் 2.15

சர்க்கரைப் பாகு முக்கினா கல்லு மாதிரி நிக்கும். பழைய டாய்லி (குரோஷே மேசை விரிப்பு) எல்லாம் அப்படித்தான் விறைப்பாக்குவாங்க.

வளைகொக்கி | செப்டம்பர் 10, மதியம் 2.50

நிற்கும், காற்றில் ஈரம் ஏறும்வரை. அப்புறம் பிசுபிசுப்பு, தூசி, எறும்பு. இயற்கையைப் பார்த்துப் பின்னுகிறோம் என்பது உண்மைதான், உயிருள்ள பாகம் வரை போக வேண்டாம். மாவுக் கஞ்சி தேவலை: ஒரு கோப்பை குளிர்ந்த நீரில் ஒரு மேசைக்கரண்டி சோளமாவு கரைத்து, கண்ணாடி போலாகும்வரை கிளறிக் காய்ச்சி, ஆறியபின் காட்டன் இலையை முக்கலாம். அதுவும் மழைச்சாரல் படாத கதவுக்கு மட்டும்.

வளைகொக்கி | செப்டம்பர் 13, இரவு 9.00

நிறம் பற்றித் தனிச்செய்தியில் கேட்டவருக்கு இங்கேயே பதில். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பழுப்பு என்று நாலு நிறத்தையும் சம எண்ணிக்கையில் எடுத்து மாற்றி மாற்றி வைத்தால் இலைபோல இருக்காது, தோரணம்போல இருக்கும். 30 இலையில் 16 ஒரு நிறம் (மங்கிய பழுப்பு மஞ்சள், எடுத்துக்காட்டாக), 9 அதற்குப் பக்கத்து நிறம், 5 மட்டும் சிவப்பு. அந்த 5-இல் 3 ஒரே இடத்தில்.

நூலை இரட்டையாகப் பிடிப்பது இன்னும் நல்ல வழி. டிகே-யைவிட மெல்லிய 4 பிளை நூலில் இரண்டு நிறத்தைச் சேர்த்துப் பிடித்து 4 மி.மீ ஊசியில் பின்னினால் ஒவ்வொரு இலையும் கொஞ்சம் வேறாக வரும். மூன்று நிறம் இருந்தால் போதும், ஆறு சேர்க்கை கிடைக்கும். இலை டிகே-யைவிடச் சற்றுப் பெரிதாக வரும் என்பதால் 30-க்குப் பதில் 26 போதுமாகலாம், அடுக்கிப் பார்த்து நிறுத்துங்கள்.

நிறம் மாறி மாறி வரும் வேரிகேட்டட் நூல் ஆசை காட்டும். நிறம் மாறும் தூரம் 2 மீட்டருக்குக் குறைவு என்றால் ஒவ்வொரு இலைக்குள்ளும் எல்லா நிறமும் புள்ளி புள்ளியாக வந்து கலங்கிவிடும். 6, 7 மீட்டருக்கு ஒருமுறை மாறுவது இருந்தால் வாங்குங்கள்.

வளைகொக்கி | செப்டம்பர் 15, மாலை 7.30

காய்கள். இலை மட்டும் என்றால் கொத்து தட்டை. உருண்டையாக ஐந்தாறு பொருள் வேண்டும்.

ஓக் காய்: 3 மி.மீ ஊசி, மேஜிக் ரிங்கில் (இழுத்து மூடக்கூடிய நூல் கண்ணி) 6 சிங்கிள், அடுத்த சுற்று 12, பிறகு கூட்டாமல் 5 சுற்று. நூல் மிச்சங்களை அடைத்துக்கொள்ளுங்கள். தொப்பி வேறு நிறம்: 6, 12, பிறகு மூன்று சிங்கிள், நான்காவதில் ஒரு கூட்டு (ஒரே ஸ்டிச்சில் இரண்டு சிங்கிள்) வீதம் 15, ஒரு சுற்று அப்படியே. தொப்பியின் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள். பின்பக்கத்துக் கிடைக்கோடுகள்தான் ஓக் தொப்பியின் செதில் போலத் தெரியும், தனி ஸ்டிச் எதுவும் தேவையில்லை. காம்புக்கு 4 செயின், திரும்பி 3 ஸ்லிப்.

சிவப்புச் சிறுகாய்: 6, 12, இரண்டு சுற்று 12, குறைத்து 6, அடைத்து இழுத்து மூடுங்கள். மூன்று மூன்றாகச் சேர்த்துத் தையுங்கள், தனியாக ஒன்று நின்றால் பொத்தான் என்று நினைப்பார்கள்.

கண்ணிஎண்ணி | செப்டம்பர் 16, காலை 10.10

காய் 12, தொப்பி 15ன்னா தொப்பி தொளதொளன்னு இருக்காதா? இரண்டும் 12 போட்டா கச்சிதமா வராது?

வளைகொக்கி | செப்டம்பர் 16, மதியம் 12.00

தொப்பி காயின் வெளியே உட்கார வேண்டும், காயின் துணிக்கே ஒரு தடிமன் இருக்கிறது. டிகே சிங்கிள் 3 மி.மீ பக்கம் தடிமன், இரண்டு புறமும் சேர்த்தால் விட்டம் கூடிவிடும். இரண்டும் 12 என்றால் காய் தொப்பிக்குள் நுழையாது, தொப்பி மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் நீங்கள் மிக இறுக்கமாகப் பின்னுகிறவர், காயை அடைக்காமல் விடுகிறவர் என்றால் 14 போதும். அடைத்தபின் அளந்து முடிவு செய்வது நல்லது. காயை முதலில் பின்னி அடைத்துவிட்டுத் தொப்பிக்குப் போங்கள்.

அடைக்க வெளிர்நிற நூல் மிச்சம் எடுக்காதீர்கள், கரு நிறக் காயின் ஸ்டிச் இடுக்கில் வெளியே தெரியும்.

நூலிழை | செப்டம்பர் 19, இரவு 8.45

உறை தைச்சாச்சு, மடிப்பு இல்லை. இலைய உறை மேல நேரா தைக்கட்டுமா?

வளைகொக்கி | செப்டம்பர் 20, காலை 7.20

நிறுத்துங்கள். நேராகத் தைத்தால் அடுத்த பருவத்துக்கு 30 இலையையும் பிரிக்க வேண்டும். இலைகளை ஒரு இடுப்புப் பட்டையில் தைத்து, பட்டையை வளையத்தில் பொத்தான் போட்டு மாட்டுங்கள். பருவத்துக்கு ஒரு பட்டை, வளையம் ஒன்றே.

பட்டைக்கும் உறைக்குச் சொன்ன அதே வளைவுச் சிக்கல் உண்டு, இங்கே ஒரு பக்கம் மட்டும். முகப்பில் உட்காருவதால் ஒரு ஓரம் வளையத்தின் உள்பக்கம், இன்னொன்று வெளிப்பக்கம். 11 செயின், வரிசைக்கு 5 சிங்கிள், 5 ஹாஃப் டபுள். அடுத்த வரிசை 5 ஹாஃப் டபுள், 5 சிங்கிள், அதாவது சிங்கிள் மேல் சிங்கிள். 46 வரிசை பின்னினால் சிங்கிள் ஓரம் 23 செ.மீ, மறு ஓரம் 32. தானாகவே வில்லாக வளையும். உறையின் நிறத்திலேயே பின்னுங்கள், இலை இடுக்கில் தெரிந்தாலும் தெரியாது.

பின்பக்கம் மூன்று வார்: இரண்டு முனையில், ஒன்று நடுவில். இங்கே கவனம், உறை போட்டபின் வளையத்தின் தடிமன் 4 இல்லை, 4.6 பக்கம். சுற்றளவு 14.4. பட்டையின் அகலம் 6 போக 8.4 மீதி. வார் 7.5 பின்னினால் இழுத்துப் பிடிக்கும். 8.4-ஏ பின்னினால் சில வாரத்தில் தொய்ந்து பட்டை கீழே சறுக்கும். வார் 4 ஸ்டிச் அகலம், முழுக்க சிங்கிள். டபுள் இழுபட்டு நீளும். முனையில் 3 செயின் ஓட்டை, 12 மி.மீ பொத்தான். பொத்தானைப் பட்டையின் மறு ஓரத்தில் தையுங்கள், உறையில் அல்ல. உறையில் தைத்தால் எல்லாப் பருவப் பட்டையும் அதே இடத்தில்தான் உட்காரும்.

வளைகொக்கி | செப்டம்பர் 21, இரவு 9.15

தைக்கும் வரிசை. கொத்தின் மையம் பட்டையின் நடுவில் வேண்டாம், ஒரு முனையிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். இலை நுனிகள் மையத்திலிருந்து வெளியே பார்க்க வேண்டும், ஆகவே மையத்தின் இந்தப் பக்கம் ஒரு திசை, அந்தப் பக்கம் எதிர்த் திசை. முனைகளில் தொடங்கி மையத்தை நோக்கி வாருங்கள். ஒவ்வொரு இலையும் முந்தைய இலையின் காம்பை மூடும். மையத்தில் இரண்டு பக்கக் காம்புகளும் சந்திக்கும் அசிங்கமான இடத்தைக் காய்கள் மறைக்கும். மையத்தில் தொடங்கினால் கடைசியில் இரண்டு முனையிலும் காம்பு நீட்டிக்கொண்டு நிற்கும், மறைக்க ஒன்றும் இருக்காது.

இலையைக் காம்போடு சேர்த்துக் கீழ் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தையுங்கள். நுனி விடுதலையாக இருக்கட்டும். முழு விளிம்பையும் தைத்தால் அப்ளிக் (துணி மேல் துணி ஒட்டுத் தையல்) வேலை ஆகிவிடும், நிழல் விழாது. முனை இலைகள் இரண்டு, மூன்று பட்டையைத் தாண்டி 3 செ.மீ நீட்டியிருந்தால் பட்டை முடியும் இடம் தெரியாது.

தைக்கும் முன் குண்டூசியில் குத்தி வைத்துக் கைபேசியில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் நிறம் வேறாக இருந்தும் வெளிச்ச வேறுபாடு இல்லை என்று பொருள். கரும் இலை நாலு உள்ளே செருகுங்கள்.

நூலிழை | செப்டம்பர் 24, காலை 9.30

மாட்டினேன்! அழகா இருக்கு. ஆனா கொத்து 7 மணி இடத்துல இருக்கணும், வளையம் தானா திரும்பி ஆறரைக்கு வந்து நிக்குது. கையால திருப்பினா மறுபடி அதே.

வளைகொக்கி | செப்டம்பர் 24, மதியம் 1.00

ஃபோம் வளையம் லேசு, கொத்து அதைவிடக் கனம். மாட்டிய புள்ளிக்கு நேர் கீழே மொத்த எடையின் மையம் வந்து நிற்கும்வரை அது திரும்பிக்கொண்டுதான் இருக்கும். தொங்கல் கயிற்றை 12 மணியிலிருந்து கொத்து இருக்கும் பக்கமாக, 11 மணி நோக்கி 2, 3 செ.மீ நகர்த்துங்கள். தைக்காமல் முதலில் சேப்டி பின்னால் மாட்டிப் பார்த்து இடம் கண்டுபிடியுங்கள்.

பட்டை மாற்றினால் எடையும் மாறும், அதனால் கயிற்றைத் தைத்தே விடாதீர்கள். வளையத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டும் நாடா போதும், தள்ளினால் நகரும். அசையவே கூடாதென்றால் 11 மணியிலும் 1 மணியிலும் இரண்டு கண்ணி, கதவில் இரண்டு கொக்கி.

மழைத்துளி | செப்டம்பர் 27, மாலை 4.40

ஃபோம் வேண்டாம்னு பைப் மேல போடற பஞ்சு உறையை (கறுப்பா, குழாயா இருக்குமே) வளைச்சு எடுத்துக்கிட்டேன். இதே கணக்கு ஆகுமா?

வளைகொக்கி | செப்டம்பர் 27, இரவு 8.10

1 மீட்டர் துண்டு என்றால் நடுக்கோட்டு விட்டம் 31.8 செ.மீ. தடிமனை அளந்து அதோடு கூட்டினால் வெளி ஓரம், கழித்தால் உள் ஓரம், பிறகு 3.14-ஆல் பெருக்குங்கள். வரிசை எண்ணிக்கை உள் ஓரத்திலிருந்து கிடைக்கும். முனைகளை ஒட்டும்முன் உள்ளே ஒரு கம்பியை ஓட்டி முறுக்கிவிடுங்கள், இல்லையென்றால் சேர்த்த இடத்தில் கூராகி வளையம் நீர்த்துளி வடிவம் எடுக்கும். உள்பக்கச் சுருக்கம் உறைக்குள் மறைந்துவிடும். அட்டை வளையம் மட்டும் வேண்டாம், ஈரத்தில் வளையும்.

வளைகொக்கி | அக்டோபர் 2, காலை 6.50

மற்றப் பருவப் பட்டைகளுக்குச் சுருக்கமாக.

வசந்தத்துக்கு, வேப்பங்கொத்து போன்ற இணுக்கு. 4 மி.மீ ஊசியில் 4 செயின் காம்பு. சிற்றிலைக்கு 7 செயின், திரும்பி இரண்டாவது செயினிலிருந்து: ஸ்லிப், சிங்கிள், ஹாஃப் டபுள், ஹாஃப் டபுள், சிங்கிள், ஸ்லிப். 3 செயின், அடுத்த சிற்றிலை. இப்படி நான்கு முடித்து, 3 செயின், நுனிச் சிற்றிலை. இனி இறக்கம்: காம்பில் 3 ஸ்லிப், ஒரு சிற்றிலை, 3 ஸ்லிப், ஒரு சிற்றிலை, நான்கும் முடிந்ததும் 4 ஸ்லிப். ஒன்பது சிற்றிலை, 11 செ.மீ பக்கம். காம்பு முறுக்கிக்கொண்டால் இறங்கும்போது ஸ்லிப் இறுக்கம். இவற்றில் 10, 12 இணுக்கு 30 இலையின் வேலையைச் செய்யும், எடையும் பாதி.

பூ: மேஜிக் ரிங்கில் (2 செயின், 2 டபுள், 2 செயின், ஸ்லிப்) ஐந்து முறை, இழுத்து மூடுங்கள். பெரிது மூன்று, சிறிது ஐந்து.

குளிருக்குப் பைன் ஊசியிலை. இதைப் பின்னுவதைவிட முறுக்குவது மேல். 26 கேஜ் கம்பி 25 செ.மீ எடுத்து இரண்டாக மடித்து, நடுவில் 5 செ.மீ நூல் துண்டுகளை நெருக்கமாகக் குறுக்கே வைத்து, முனைகளைப் பிடித்து முறுக்குங்கள். நூல் எல்லாப் பக்கமும் சிலிர்த்து நிற்கும். கத்தரித்து, கம்பிப் பல் சீப்பால் சீவினால் இழை பிரியும். அக்ரிலிக், கம்பளி இரண்டும் எளிதாகப் பிரியும்; இறுக்கி முறுக்கிய காட்டன் அவ்வளவு சுலபத்தில் பிரியாது. கம்பி நுனியை மடக்கிவிடுங்கள், பொத்தான் போடும்போது விரலைக் குத்தும். கோட்டிங் இல்லாத இரும்புக் கம்பி என்றால் ஈரத்தில் துருவேறி நூலில் கறை இறங்கும்.

கண்ணிஎண்ணி | அக்டோபர் 8, இரவு 7.55

வெயில் நேரா விழுற கதவு. காட்டனா அக்ரிலிக்கா?

வளைகொக்கி | அக்டோபர் 9, காலை 7.30

அக்ரிலிக். காட்டன் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், மழை பட்டால் தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தொய்யும். அடர் சிவப்பும் ஊதாவும் பெரும்பாலும் முதலில் போகும். மாதத்துக்கு ஒருமுறை வளையத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறி, தூசியை உலர்ந்த பெயின்ட் தூரிகையால் தட்டுங்கள்.

கழற்றிய பட்டையை மடிக்காதீர்கள், மடித்த இடத்து இலை அப்படியே நிற்கும். பட்டை எந்த வளைவில் பின்னப்பட்டதோ அதே வளைவில், இலை மேலே பார்க்க அட்டைப் பெட்டியில் படுக்க வையுங்கள். கம்பளி கலந்திருந்தால் மூடிய பிளாஸ்டிக் டப்பா, பூச்சிக்காக. முழுதாக உலர்ந்தபின்.

நூலிழை | அக்டோபர் 9, மாலை 6.20

நடு வாரோட பொத்தான் மட்டும் தானா கழண்டுக்குது. மத்த ரெண்டும் நிக்குது.

வளைகொக்கி | அக்டோபர் 9, இரவு 9.05

காய்களின் கனம் அந்த வார் மேல்தான் விழுகிறது. நீங்கள் மையத்தை மூன்றில் ஒரு பங்கில் வைத்திருந்தால் நடு வாரை அங்கே நகர்த்துங்கள், பட்டையின் சரிபாதியில் இருக்க வேண்டிய அவசியமில்லை. பொத்தான் ஓட்டை 3 செயினை 2 ஆக்கி, 12 மி.மீ-க்குப் பதில் 15 மி.மீ பொத்தான் போட்டுப் பாருங்கள். நுழைக்கக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

நூலிழை | அக்டோபர் 10, காலை 7.40

15 மி.மீ நிக்குது. நகம்தான் போச்சு.